பதிலுக்குக் காத்திருந்தவர்

நினைவில்லாமல் கிடக்கிற ஆளிடமும் அந்த டாக்டர் கேட்டுவிட்டுத்தான் ஊசி போடுவார். கட்டில் பக்கம் குனிந்து, காதோரம் வாயை வைத்து, இந்த இடத்தில் குத்தப் போகிறேன், இதற்காகக் குத்துகிறேன், வலிக்கும் என்று சொல்லுவார். கடைசியில் "சரியா?" என்பார். அதோடு விட மாட்டார். பதில் வரும் என்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நிற்பார். பதில் வராது. அதற்கப்புறம் நிமிர்ந்து வேலையைத் தொடங்குவார்.

இதை வைத்து எங்கள் ஊரில் அவரைச் செய்யாத கேலி இல்லை. நான் சங்கரன்கோவிலில் சலூன் வைத்திருக்கிறவன். ஊர்க் கேலியெல்லாம் என் கடை பெஞ்சுக்கு வந்துவிட்டுத்தான் வேறெங்கும் போகும்.

"ராயகிரிக்காரன் ஒருத்தன் பருத்திக்கு அடிக்க மருந்தக் குடிச்சிட்டு வந்து கெடக்கான். பேச்சு மூச்சு இல்ல. இவரு அவன் காதுல போயி, அண்ணாச்சி, சரியாங்காரு வே."

"அவன் என்ன சொன்னானாம்?"

"யோசிச்சுச் சொல்லுதேன்னானாம்."

"விடும் வே. அந்த மனுசன் நாற்காலிக்கிட்டயும் கேட்டுட்டுத்தான் உக்காருவாரு."

பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். நான் சிரிக்க மாட்டேன். பேசவும் மாட்டேன். நான் பேசாதவன் என்பது ஊரறிந்தது. என் கடைக்கு ஒரு பேர்ப்பலகை உண்டு, ஆனால் எல்லோரும் சொல்லுவது ஊமைக் கடை என்றுதான். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்திருக்கும், ஆனால் எழுந்து நின்று வாயைத் திறப்பதற்குள் அவர் அடுத்தவனிடம் போய்விடுவார். அப்படியே பழகிப் போனது. என் பதிலுக்காக யாரும் நின்றதில்லை.

ஒரே ஒருவர் நின்றார். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர் சேலம் பக்கத்துக்காரர். எண்பதுகளில் ராஜபாளையம் ரோட்டில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அந்தக் கட்டடத்தில் சிமெண்ட் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். அங்கேதான் அவர் இருந்தார். ஒல்லி, நல்ல உயரம். நோயாளி காதுக்குக் குனிந்து குனிந்தோ என்னவோ, நடக்கும்போதும் தோள் முன்னால் வளைந்திருக்கும். யாரையும் நீ, வா, போ என்று பேசியதில்லை. என்னையும் "வாங்க சங்கரபாண்டி" என்பார். முடி வெட்டுகிறவனை அன்றைக்கு எங்கள் ஊரில் அப்படிக் கூப்பிட்டவர்கள் குறைவு.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை எதிரே நிற்கிறவரின் கழுத்துக்கு இறங்கிவிடும். ஆண் பெண் வித்தியாசம் கிடையாது. சங்கிலியைப் பார்க்கிறார், சரடைப் பார்க்கிறார் என்றெல்லாம் பெண்கள் பேசிக்கொண்டதுண்டு. அவர் பார்த்தது நகையை இல்லை. தோளிலிருந்து கழுத்துக்குழி வரைக்கும் ஒரு எலும்பு ஓடுகிறதே, அதற்கு மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய ஆள்காட்டி விரல் அவர் சட்டைக்குள் போய் அந்த எலும்புக்குக் கீழே உள்ள பள்ளத்தில் நிற்கும். நெஞ்சு வலிக்கிறவர் போல இருக்கும். கேட்டால் எடுத்துவிடுவார்.

நான் அவர் கையில் விழுந்தது ஒரு ஐப்பசி மழையில். தரையில் பாய் விரித்துப் படுத்தவன் வயிற்றுவலியோடு எழுந்தேன். என் பெண்டாட்டி கோமதி ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். விடியும்போது கண்ணிமையைத் தூக்க முடியவில்லை. நாக்கு தடித்துவிட்டது. கட்டுவிரியன் கடித்தால் கடித்தது தெரியாது, தேடினாலும் காயம் கிடைக்காது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் மச்சான் டாக்சி பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்க்கும்போது கைகால் செத்துக் கிடந்தது. மூச்சும் நின்றுவிடும்போல இருந்தது.

தொண்டைக்குள் குழாய் இறக்கி, அதன் நுனியில் ரப்பர் பை ஒன்றை மாட்டினார்கள். பையை அமுக்கினால் எனக்கு மூச்சு. அமுக்காவிட்டால் இல்லை. தானாக மூச்சு ஊதும் மிஷின் திருநெல்வேலியில்தான் உண்டு. போன் போட்டுக் கேட்டதில் அதில் வேறொருவர் கிடக்கிறார் என்று பதில் வந்தது. அதனால் சொந்தக்காரர்கள் மாறி மாறி உட்கார்ந்து அமுக்கினார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதைச் சொன்னால் பலர் இன்னமும் நம்புவதில்லை. கண் திறக்காது, விரல் அசையாது, கிள்ளினால் முகம் சுளிக்காது. ஆனால் காது திறந்தே கிடந்தது. வலியும் தெரிந்தது. இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கருமணி விரிந்தது விரிந்தபடி நின்றதாம். என் மாமனார் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

"கண்ணு செத்துட்டே மாப்ளைக்கு. வீட்டுக்குத் தூக்கிருவோம் மக்கா. இங்கன வச்சு என்ன செய்ய?"

"உசுரு இருக்குன்னு டாக்டர் சொல்லுதாவளேப்பா. நெஞ்சு ஏறி எறங்குதுல்லா" என்றான் மச்சான்.

"காத்தடிச்சா டியூப்புந்தான் ஏறி எறங்கும்."

கோமதி பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். அது அவள் கை என்று எனக்குத் தெரியும். மச்சான் அமுக்கினால் சைக்கிளுக்குக் காற்று அடிப்பது போல மூச்சு முட்டி உள்ளே வரும். அவள் அமுக்கினால் மெல்ல வந்து, நிறைந்து, மெல்லப் போகும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பை மாறும்போது இடையில் ஒரு வெற்றிடம் வரும். அந்த நேரத்தில் நான் உள்ளே கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாக நான் கத்தியதில்லை. வெளியே ஒரு ஈ கூடப் பறந்திருக்காது.

அப்போதுதான் டாக்டர் குரலும் அவரிடம் வேலை பார்த்த சின்ன டாக்டர் குரலும் கேட்டன. என் இரண்டு கையிலும் குத்திக் குத்தி நரம்பெல்லாம் ஒளிந்துவிட்டது. மருந்து ஏற்ற வழியில்லை. நெஞ்சுக்குப் பக்கத்தில் பெரிய நரம்பாகப் பார்த்து நீளக் குழாய் விட வேண்டும். எங்கே விடுவது என்பதுதான் பேச்சு.

"கழுத்தெலும்புக்குக் கீழ போட்டுரலாமே சார்? உங்களுக்கு ஒரே குத்துதானே" என்றார் சின்ன டாக்டர்.

"தானா மூச்சு விடுற ஆளா இருந்தா போடலாம். அந்த நரம்புக்குப் பின்னாடியே நுரையீரல் நுனி இருக்கு. நாம ஊதிக்கிட்டிருக்கிற ஆளுக்கு அதுல ஓட்டை விழுந்தா, ஒவ்வொரு அமுக்குக்கும் காத்து நெஞ்சுக்குள்ள போய் அடையும். வேண்டாம்."

"தொடை மடிப்பு?"

"நாள் கணக்குல கிடக்கப் போறவரு. அங்க சீழ் பிடிக்கும். கழுத்துதான். தலைமாட்டைத் தாழ்த்துங்க."

கட்டில் சாய்ந்தது. ஒரு கை என் தாடையைப் பிடித்து இடது பக்கம் திருப்பியது. தினமும் ஊரான் தலையைத் திருப்புகிறவன் நான். என் தலையை ஒருவர் அப்படிப் பதமாகத் திருப்பியது அன்றுதான். பிறகு காதுக்குப் பக்கத்தில் மூச்சுக் காற்று பட்டது.

"சங்கரபாண்டி, நான் டாக்டர். கழுத்துல வலது பக்கம் ஒரு ஊசி போடப் போறேன். வலிக்கும். எலும்புக்குக் கீழ போக மாட்டேன். சரியா?"

நின்றார். நான் சரி என்றேன். அவருக்குக் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லி முடிக்கிற அளவுக்கு நேரம் கொடுத்தார். நான் சொல்லி முடித்த பிறகுதான் ஊசி இறங்கியது. வலித்தது. அந்த வலியை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். செத்துவிட்டதாக மாமனார் முடிவு கட்டிய உடம்பில் இன்னும் ஒருவன் குடியிருக்கிறான் என்று அந்த மனிதர் வாசலில் நின்று குரல் கொடுத்ததாகத்தான் எனக்கு இருந்தது.

உயிர் திரும்பும்போது முதலில் வலது கைச் சுண்டுவிரல் அசைந்தது. கோமதிதான் பார்த்து ஓடினாள். டாக்டர் வந்து தன் விரலை என் உள்ளங்கையில் வைத்தார்.

"இத்தனை நாளா நான் பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா? கேட்டிருந்தா அமுக்குங்க."

இருந்த பலத்தையெல்லாம் கூட்டி அமுக்கினேன். அவர் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். ஊர் கேலி செய்த காரியம் வீண் போகவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டாமா? அவர் விரலை உருவிக்கொண்டு வெளியே போய்விட்டார். போய் வராந்தாப் படியில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்து அழுதார் என்று கோமதி பிறகு சொன்னாள்.

"ஒங்களுக்கு நெனவு வந்ததுக்கு அவரு ஏன் அழணும்?" என்று அவள் கேட்டாள்.

நான் தேறிக் கடை திறந்த பிறகு அவர் சவரத்துக்கு வர ஆரம்பித்தார். செவ்வாய்க்கிழமைதான் வருவார். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரில் யாரும் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். கடை அடைப்பு. நான் பாதிக் கதவைச் சாத்திக்கொண்டு கத்தி தீட்டுவேன், துண்டு துவைப்பேன். அவர் குனிந்து உள்ளே வந்து, "உட்காரலாமா?" என்பார். நாற்காலிக்கிட்டே கேட்டுவிட்டு உட்காருவார் என்று சொன்னவன் முழுப் பொய் சொல்லவில்லை.

நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, நுரை பூசிய பிறகு ஒரு கேள்வி கேட்பார். வருகிற அன்றைக்கு ஒன்றுதான். அதற்குத்தான் வந்தார் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று.

"குரல் எந்தப் பக்கத்துல இருந்து வருதுன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது சார்."

இன்னொரு செவ்வாய், "நான் சரியான்னு கேட்டப்போ நீங்க என்ன சொன்னீங்க?"

"சரின்னேன் சார்."

"வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்?"

கொஞ்சம் யோசித்து, "குத்தியிருப்பீங்க சார்" என்றேன்.

அவர் சிரித்தார். நுரைக்குள் பல் தெரிந்தது. அவர் சிரித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். "ஆமா, குத்தியிருப்பேன்" என்றார். அப்படியானால் எதற்குக் கேட்கிறீர்கள் என்று எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

ஊமைக் கடைக்காரன் அவரிடம் பேசினேன். அதுவே எனக்கு ஆச்சரியம். சொல்லாவிட்டாலும் காத்திருப்பார் என்று தெரிந்ததால் சொல்ல வந்தது.

அப்புறம் ஒரு செவ்வாய். தாடைக்குக் கீழே கத்தி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"பையை யாரு அமுக்குறாங்கன்னு உள்ள இருக்கிறவருக்குத் தெரியுமா?"

எனக்கு அது பெருமையான விஷயம். கோமதியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. அவரிடம் சொன்னேன். "நல்லாத் தெரியும் சார். மச்சான் கை தனி. எம் பொஞ்சாதி கை தனி. அவ கைன்னா எனக்குத் தைரியம் வந்துரும். இவ நம்மள விட்டுர மாட்டான்னு இருக்கும்."

கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கி நுரையில் வழி உண்டாக்கிக்கொண்டு போனது. சோப்பு கண்ணில் பட்டுவிட்டதோ என்று துண்டை நீட்டினேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

எனக்கு விஷயம் தெரிந்தது அதற்குப் பிறகு. கழுத்துத் தழும்பில் அரிப்பு இருந்ததால் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவர் அன்று இல்லை. பெரிய சிஸ்டர்தான் மருந்து தடவினார். நாகர்கோவில் பக்கத்துப் பெண்மணி, மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் பேசுகிறவர்.

"டாக்டர் ஏன் சிஸ்டர் எல்லார்ட்டயும் கேக்காரு?" என்றேன். என்னிடமிருந்து கேள்வி வந்ததே அவருக்கு அதிசயம். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

எனக்கு முந்தின வருசம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். கல்யாணமாகி மாசம் கூட ஆகவில்லை. அவளுக்கும் விரியன்தான். அவளுக்கும் குழாய், பை. புருசன் வயலில் வேலை செய்கிறவன். பையை வேறு யாரிடமும் கொடுக்காமல் அவனே அமுக்கினான். அவளுக்கும் கையில் நரம்பு கிடைக்கவில்லை. டாக்டர் கழுத்தைத்தான் பார்த்தார். கழுத்தை ஒட்டிப் புதுத் தாலிக் கயிறு. மஞ்சள் ஈரம் காயாத கயிறு.

"நாந்தான் கத்திரிய எடுத்தேன்" என்றார் சிஸ்டர். "அந்தப் பிள்ளைக்க அம்ம பாய்ஞ்சு என் கையப் பிடிச்சிட்டா. தாலி கெட்டினவன் கல்லு மாதிரி முன்னால நிக்கான், அவன் கண்ணு காண அறுக்கணுமாம்மான்னு கேட்டா. டாக்டர் எடுத்துச் சொன்னாரு. அவ கேக்கல. போறதா இருந்தாலும் எம்பிள்ள தாலியோட போவட்டும்னா."

"தொடைப் பக்கம்?"

"ஆம்பள டாக்டர். சுத்திலும் ஆளுவ. அதுக்கும் விடல."

டாக்டர் கயிற்றை ஒதுக்கி வைத்தாவது கழுத்தில் குத்தியிருக்கலாம். முழங்கையைக் கீறி அங்கிருந்து நீளக் குழாய் விட்டிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் பேச்சில் அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. சரி, விடுங்க என்று எலும்புக்குக் கீழே போனார். அது அவருக்குக் கைவந்த இடம். அந்த வட்டாரத்தில் வேறு யாருக்கும் அது வராது என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. மருந்து ஏறியது. எல்லோருக்கும் நிம்மதி.

"கொஞ்சம் கழிஞ்சு அந்தப் பையன், டாக்டர், பை இறுகுதே, உள்ள போவ மாட்டக்கேன்னான். டாக்டர் வேற கட்டில்ல நின்னாரு. நல்லா அழுத்தி அமுக்கும்னு சொல்லிட்டாரு. அவன் அமுக்கினான். பாவி மகன், அவ்வளவு ஆசையா அமுக்கினான். நுரையீரல்ல ஓட்ட விழுந்து ஒரு பக்கத்து நெஞ்சு வீங்கினதக் கண்டுபிடிச்சு நாங்க ஓடி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு."

தாலி கடைசி வரை கழுத்தில்தான் இருந்தது என்றார் சிஸ்டர்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாளில் அந்தப் பையன் ஒரு வாழைத்தாரைத் தோளில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தானாம். நீங்க எவ்வளவோ பாத்திய சார், எங்களுக்குத்தான் குடுத்து வைக்கல என்று டாக்டர் காலடியில் இறக்கி வைத்திருக்கிறான். டாக்டர் அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாராம். சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கைகளை வைத்துக்கொண்டு அவன் எப்படிப் பிழைப்பான்? அந்தத் தார் வராந்தாவிலேயே பழுத்து, கறுத்து, ஈ மொய்த்தது. ஒருவரும் தொடவில்லை. தூக்கிப் போடவும் டாக்டர் விடவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் காதில் கேட்க ஆரம்பித்தார். சுற்றி நின்ற எல்லோரிடமும் கேட்டோம், கிடக்கிறவளிடம் கேட்கவில்லையே என்றாராம் சிஸ்டரிடம். கேட்டால் அவளுக்குக் கேட்டிருக்குமா என்று சிஸ்டர் கேட்டிருக்கிறார். தெரியாது, கேட்டிருக்காது என்றுதான் நினைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

அந்த நினைப்பில்தான் அவர் ஒரு வருசம் உறங்கியிருக்கிறார். பிறகு நான் வந்து அவர் விரலை அமுக்கினேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அந்த அம்மாள் சொன்னதே காதில் ஓடியது. போறதா இருந்தாலும் தாலியோட போவட்டும். அந்தப் பிள்ளை அதைக் கேட்டிருக்கிறாள். அமுக்குகிற கை யார் கை என்று அவளுக்குத் தெரியும். மூச்சு உள்ளே அடைக்க அடைக்க, அந்தக் கை தன்னை விட்டுவிடாது என்றுதான் அவளும் நினைத்திருப்பாள். அன்று நான் சாப்பிடவில்லை.

அவர் அதிக நாள் ஊரில் இருக்கவில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் போய்விட்டார். சேலத்துக்கே திரும்பிவிட்டார் என்று சிலர் சொன்னார்கள், வைத்தியத்தையே விட்டுவிட்டார் என்று சிலர் சொன்னார்கள். போவதற்கு முன்னால் கடைசியாக என் கடைக்கு வந்த செவ்வாய்க்கிழமை ஒன்று இருக்கிறது.

பாதிக் கதவுக்குள் குனிந்து வந்தார். உட்காரலாமா என்று கேட்கவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல இருந்தது. நுரை பூசினேன். இடது கன்னம் முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. அவர் விரல் சட்டைக்குள் அந்தப் பள்ளத்தில் இருந்தது.

"இன்னைக்கு ஒருத்தரு வந்தாரு" என்றார். "பையிலதான் மூச்சு ஓடுது. கழுத்தெல்லாம் தீக்காயம். ரெண்டு தொடையும் வெந்து போயிருக்கு. கையிலயும் தோல் இல்ல. எலும்புக்குக் கீழதான் போயாகணும், வேற இடமே இல்ல. காதுல கேட்டேன். காத்திருந்தேன். ஊசியை வச்சேன். என் கை போகல, சங்கரபாண்டி. அப்படியே நின்னுருச்சு. சின்ன டாக்டர் வாங்கிப் போட்டாரு. நல்லபடியா இருக்காரு அந்த ஆளு."

கத்தியை எடுத்துத் துண்டில் துடைத்தேன்.

"சிஸ்டர் உங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டாங்கன்னு தெரியும். நீங்க ஒருத்தருதான் அந்த இடத்துக்குப் போயிட்டுத் திரும்பி வந்தவரு. இதை மட்டும் சொல்லுங்க. நான் அன்னைக்கு அந்தப் பிள்ளைகிட்ட கேட்டிருந்தா, கயிறை அறுக்கட்டுமான்னு கேட்டிருந்தா, என்ன சொல்லியிருக்கும்? இது தெரிஞ்சா ஒண்ணு என் கை போகும், இல்ல அடியோட நின்னுரும். ரெண்டுல ஒண்ணு. இப்படி நடுவுல நிக்க முடியல."

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் அவர் கண்ணை மூடி, பதிலுக்குக் காத்திருந்தார். என்னிடம் அப்படிக் காத்திருந்த ஒரே மனிதரிடம் தெரியாது என்று எப்படிச் சொல்ல?

"அந்தப் பிள்ள மனசு எனக்குத் தெரியாது சார். நானா இருந்தா அத்துப் போடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

"சொன்னாலும் எனக்குக் கேட்டிருக்காது."

"கேக்காது சார். ஆனா சொல்லியிருப்பேன். நீங்க கேக்காட்டாலும் சொல்லியிருப்பேன். மூச்சு இருக்க மட்டும் சொல்லிக்கிட்டே இருந்திருப்பேன். உள்ள கெடக்கவனுக்கு உசுரு ஒண்ணுதான் சார் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது."

அதுவரைக்கும் என் வாழ்நாளில் நான் சேர்த்துப் பேசிய பெரிய பேச்சு அதுதான். ரோட்டில் ஒரு பஸ் நின்று போனது. அவர் விரல் அந்தப் பள்ளத்தை விட்டு நழுவி மடியில் விழுந்தது.

"மிச்சத்தையும் எடுத்துருங்க" என்றார்.

கத்தியைத் தீட்டினேன். தலையை மெல்ல இடது பக்கம் திருப்பினேன். வலது பக்கத்துக் கழுத்து எனக்கு நேராக வந்தது. நுரைக்குக் கீழே அவருடைய நரம்பு துடிப்பது தெரிந்தது. நினைத்துச் செய்யவில்லை, நான் குனிந்து அவர் காதோரம் போனேன்.

"சார், கழுத்துல கத்தி வைக்கப் போறேன். சரியா?"

காத்திருந்தேன். அவர் கண் மூடியபடி இருந்தது. உதடு அசையவில்லை. தொண்டை மட்டும் ஒரு தடவை ஏறி இறங்கியது. உள்ளே ஏதோ சொன்னார். சரி என்றாரா, வேண்டாம் என்றாரா, அது எனக்குக் கேட்கவில்லை. குனிந்தபடியே நின்று பார்த்தேன். முதுகு வலிக்கிற வரைக்கும் நின்றேன். அவராக இருந்தால் இந்நேரம் நிமிர்ந்து வேலையைத் தொடங்கியிருப்பார். பதில் வராமல் என் கை போகவில்லை.

கத்தியை மடக்கினேன். ஈரத் துண்டால் நுரையைத் துடைத்துவிட்டேன். அவர் எழுந்து கண்ணாடியைப் பார்க்காமல் கதவுக்குக் குனிந்தார். ஒரு கன்னம் மழித்தும் ஒரு கன்னம் மழிக்காமலும் வெயிலில் இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்.

எதிரே டீக்கடையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "என்ன வே, டாக்டருக்குப் பாதி மூஞ்சிதானா? மீதிய அவரு சரின்னு சொல்லலியோ?" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.